இறுகிய தலைக்கு மனப்பயிற்சி: எந்த அளவுக்கு நம்பலாம்?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, இஞ்சிவிளையை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவன் நான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம். இந்த எல்லைப்புறத்து மருந்தகங்களில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

மலர்க்குழு அன்பர்கள் உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று பெரிய நோய்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. ஆனால் என் மருந்தக மேசைக்கு முன்னால் அதிகம் கேட்ட குரல் எது என்று யோசித்தால், "சாறே, தலைவேதனைக்கு ரெண்டு குளிகை தாருங்கோ" என்பதுதான். பாலராமபுரத்துத் தறிக்காரர், மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீசில் கொட்டை உடைத்துவிட்டு வரும் பெண்கள், திருவனந்தபுரத்துக்கு நித்தம் பஸ் ஏறும் குமாஸ்தா, எல்லார் வாயிலும் அதே பேச்சு. சொல்லப்போனால் மேசைக்கு உள்ளே நின்ற எனக்கும் அதே நோய்தான். ஆகவே, நாள்பட்ட இறுக்கத் தலைவலிக்கு மருந்தில்லாமல் செய்யப்படும் நடத்தைச் சிகிச்சைகள் உண்மையிலேயே பலன் தருமா என்பதை, படித்ததையும் பட்டதையும் வைத்து இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தலைவலி?

எங்கள் ஊரில் தலைவலிக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மண்டையிடி, தலைநோவு, தலைப்பாரம், நீர்க்கோர்வை என்பார்கள் தமிழில். மலையாளத்தில் தலைவேதன, நீரிறக்கம், சென்னிக்குத்து, கொடிஞ்ஞி. குளித்துவிட்டு உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பது ஒரு வீட்டு வழக்கம். சுக்கை உரசிப் பற்றுப் போடுவது அடுத்த வீட்டு வழக்கம்.

இவற்றில் கொடிஞ்ஞி, சென்னிக்குத்து என்று சொல்வது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. அது துடிக்கும், குமட்டும், நடந்தால், படி ஏறினால் கூடும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. நான் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. "எனக்க தலையில ஆரோ கயிறு கெட்டி முறுக்குது மாதிரி இரிக்கு" என்று எங்களூர்ப் பெண்கள் சொல்வார்களே, அந்தத் தலைவலி. இரண்டு பக்கமும் அழுத்தும். தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும், ஆனால் விடாது. வேலை செய்யலாம், சமைக்கலாம், பஸ்ஸில் போகலாம். எதிலும் மனம் ஒட்டாது.

உலகத் தலைவலிச் சங்கம் 1988 இல் முதன்முதலாக வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்கு 'இறுக்க வகைத் தலைவலி' என்று பெயர் வைத்தார்கள். 'வகை' என்ற சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தசை இறுகுவதால்தான் வலிக்கிறது என்று முன்பு உறுதியாக நம்பினார்கள். பிறகு அளந்து பார்த்தால், தசையின் இறுக்கமும் வலியின் அளவும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை. நெற்றி, பிடரி, தோள்பட்டைத் தசைகள் தொட்டால் நோகின்றன என்பது உண்மை. ஆனால் வலி நாள்பட நாள்பட, நரம்பு மண்டலமே சின்னத் தூண்டுதலையும் பெரிய வலியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது என்பது இன்றைய விளக்கம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது 'நாள்பட்டது'.

இது அபூர்வமான நோயும் அல்ல. பெங்களூரு நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரை வீடுவீடாகப் போய் விசாரித்த ஓர் ஆய்வு 2014 இல் வெளியானது. ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 100க்கு 64 பேர். அவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அது நாள்பட்டதாக மாறுகிறது. ஆனால் மாறிவிட்டால் வாழ்க்கையே சுருங்கிப்போகிறது.

மாத்திரை என்னும் கண்ணி

என் கதையைச் சொல்கிறேன். 46 வயதில் எனக்குத் தலைப்பாரம் தொடங்கியது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். மகளின் படிப்புக்குக் கடன் வாங்கியிருந்தேன். இரவில் தூக்கம் மூன்று நான்கு மணி நேரம்தான். காலையில் பல் தேய்க்கும்போதே தலையில் வளையம் போட்டதுபோல் இருக்கும். மருந்தாளுநனுக்கு மாத்திரை எட்டும் தூரத்தில்தானே இருக்கும்? பாராசிட்டமாலுடன் காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று. அரை மணியில் தலை லேசாகும். மதியம் திரும்ப வரும். இன்னொன்று.

இரண்டு ஆண்டில் மாத்திரை போடாத நாளே இல்லை என்றாகிவிட்டது. மற்றவர்களிடம் "அடிக்கடி போடாதீங்கோ" என்று சொல்லிக்கொண்டே நான் போட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். அவர் படம் எடுக்கச் சொல்வதற்கு முன்பு ஒரு காகிதத்தைக் கொடுத்து, "மாசத்துல எத்தனை நாள் குளிகை போடுறீங்கன்னு எழுதுங்க" என்றார். நான் 25 என்று எழுதினேன். "உங்க தலைவலிக்குப் பாதிக் காரணம் இதுதான்" என்றார்.

மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்று இதற்குப் பெயர். ஏற்கெனவே தலைவலி உள்ளவர், பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற தனி வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ மேலோ, கூட்டு மாத்திரைகளை 10 நாளோ மேலோ, 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால், வலியைத் தணிக்க வந்த மருந்தே வலியை வளர்க்கத் தொடங்கும். நிறுத்தினால் முதல் சில நாள், சிலருக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட, வலி கூடும். "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று திரும்பவும் போட வைப்பது அந்த நாள்கள்தான். எனக்கும் முதல் ஆறு நாள் நரகம். ஏழாம் நாள் கொஞ்சம் விடிந்தது. (மயக்கம் தரும் வலி மருந்துகள், தூக்க மருந்துகள் பழகியவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும்.)

அதன்பின் அவர் இரண்டு காரியம் செய்தார். இரவில் சாப்பிட அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைச் சிறு அளவில் எழுதினார். மனச்சோர்வுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அது. சிறிய அளவில் நாள்பட்ட வலியையும் குறைக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரும். இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குக் கவனம் தேவை. ஆகவே அதை அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது. இரண்டாவதாக, என்னை ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். "எனக்கு மூளைக் கோளாறா?" என்று கேட்டேன். "உடம்பைத் தளர்த்தப் படிச்சுக்கோங்க, அவ்வளவுதான்" என்றார் சிரித்துக்கொண்டே.

நடத்தைச் சிகிச்சை என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் 'நடத்தை சரியில்லை' என்று சொல்வதுபோல் தோன்றும். அப்படியல்ல. நோயாளி தானே கற்றுச் செய்யும் பழக்கங்களால் நோயைக் குறைப்பதுதான் இது. தலைவலிக்கு மூன்று வகை முக்கியம்.

முதலாவது, தசைத் தளர்வுப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டால், இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்குத் தெரியவரும் என்பது அடிப்படை. 1973 இல் பெர்ன்ஸ்டீன், போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் இதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கிப் பாடமாக்கினார்கள். நம் சவாசனத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. மும்பையில் கே.கே. தாத்தே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் சவாசனத்தால் இரத்த அழுத்தம் குறைவதைப் பற்றி 1969 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது தலைவலிக்குச் சான்று ஆகாது. தளர்வை ஒரு மருந்துபோல அளந்து பார்க்கும் எண்ணம் நம் நாட்டிலும் அன்றே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, உயிர்ப் பின்னூட்டம். நெற்றியிலோ பிடரியிலோ மின்வாய்களை ஒட்டி, தசையின் மின் அசைவை ஒரு கருவி ஒலியாக மாற்றித் தரும். தசை தளர்ந்தால் ஒலி தாழும். கண்ணாடி பார்த்துத் தலை வாருவதுபோல, ஒலியைக் கேட்டுத் தசையைத் தளர்த்தப் பழகுவது. கொலராடோவில் பட்சின்ஸ்கி, ஸ்டோய்வா குழுவினர் 1973 இல் 18 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்து, உண்மையான ஒலி கேட்டவர்களுக்கே தலைவலி நன்றாகக் குறைந்தது என்று எழுதினார்கள்.

மூன்றாவது, எண்ணங்களைக் கவனித்து மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. "தலை லேசா பாரமா இருக்கு" என்பதிலிருந்து "போச்சு, இன்னைக்கு முழுக்கக் கெட்டுப்போச்சு, எனக்கு ஏதோ கட்டி இருக்கு" என்று மனம் ஓடுகிறதே, அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தப் பழகுவது. எந்தச் சூழலில் வலி வருகிறது, அங்கே வேறு என்ன செய்யலாம் என்று திட்டமிடுவதும் இதில் அடங்கும்.

பலன் உண்டா? ஓர் ஆய்வு சொல்வது

எனக்குக் குறைந்தது. ஆறு மாதத்தில் மாதம் 25 நாள் என்பது 8, 9 நாளுக்கு வந்தது. குறிப்பேடு இன்றும் இருக்கிறது. ஆனால் இதை வைத்து "பயிற்சியால் குணமானது" என்று நான் சொன்னால் அது சரியாகாது. கூட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தேன், அமிட்ரிப்டிலின் சாப்பிட்டேன், பயிற்சியும் செய்தேன், அதற்கிடையே அப்பாவும் காலமானார், இரவு விழிப்பும் நின்றது. எது குணமாக்கியது என்று எனக்கே தெரியாது. ஒரு ஆளின் அனுபவம் சான்றாகாது என்பதும், ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஏன் வேண்டும் என்பதும் இதனால்தான்.

அப்படி ஓர் ஆய்வு அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் நடந்தது. கென்னத் ஹோல்ராய்டு என்ற உளவியலாளரின் குழு 2001 இல் வெளியிட்டது. நாள்பட்ட இறுக்கத் தலைவலி உள்ள 203 பேர். சராசரியாக மாதத்தில் 26 நாள் வலி, கிட்டத்தட்ட என்னைப் போலவே. அவர்களைச் சீட்டுப்போட்டு நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அமிட்ரிப்டிலின் வகை மருந்து. ஒரு குழுவுக்கு மருந்துபோலத் தோன்றும் வெற்று மாத்திரை. ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரையோடு மன அழுத்தப் பயிற்சி. நான்காவது குழுவுக்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. பயிற்சி என்றால் பெரிய விஷயமில்லை. மூன்று முறை நேரில், இரண்டு முறை தொலைபேசியில். மீதியெல்லாம் வீட்டில் தானே செய்துகொள்வது.

தலைவலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 100க்கு எத்தனை பேர்? மருந்தும் பயிற்சியும் சேர்ந்த குழுவில் 64. மருந்து மட்டும் என்றால் 38. பயிற்சி மட்டும் என்றால் 35. வெற்று மாத்திரைக்கு 29.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு 29 பேருக்குப் பாதி வலி போயிருக்கிறது. காலமும் கவனிப்பும் நம்பிக்கையும் செய்யும் வேலை அது. பாதி வலி போக வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் பயிற்சி தனியாக அதைவிட வெகுதூரம் போகவில்லை. மருந்தும் தனியாக அப்படித்தான். ஆனால் சராசரி வலியும், வலி மாத்திரையின் தேவையும், வேலை கெடுவதும் இரண்டு முறையிலும் வெற்று மாத்திரையைவிடக் குறைந்தன. மருந்து சீக்கிரம் பலன் காட்டியது; பயிற்சி மெதுவாகக் காட்டியது. இரண்டும் கைகோத்தபோதுதான் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நல்ல குறைவு.

அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? இங்கேதான் வாசகர்கள் குழம்பக்கூடும். 2008 இல் நெஸ்டோரியுக் என்பவரும் உடனாளிகளும் உயிர்ப் பின்னூட்டம் பற்றிய 53 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பலன் நடுத்தரத்துக்கு மேல் உண்டு, சராசரி 15 மாதம் கழித்தும் நிற்கிறது, தளர்வுப் பயிற்சியோடு சேர்த்தால் இன்னும் நல்லது என்றார்கள். அடுத்த ஆண்டே, 2009 இல், ஹாலந்தைச் சேர்ந்த ஃபெர்ஹாகன் குழுவினர் 44 ஆய்வுகளை, மொத்தம் 2,618 நோயாளிகளைப் பார்த்துவிட்டு, தளர்வோ பின்னூட்டமோ அறிவுசார் சிகிச்சையோ ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பதைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை என்று எழுதினார்கள்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு தீர்ப்பு! காரணம் இதுதான். முதல் குழு எல்லா ஆய்வுகளின் எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தது. இரண்டாவது குழு ஒவ்வோர் ஆய்வும் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று எடைபோட்டது. 44 இல் 5 ஆய்வுகள்தான் தேறின. மற்றவற்றில் ஆட்கள் குறைவு, அல்லது முறையில் ஓட்டை. 15 பேர், 20 பேரை வைத்துச் செய்த ஆய்வால் நல்லது கெட்டது இரண்டையுமே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டாம் தீர்ப்பின் பொருள் 'பலன் இல்லை' என்பதல்ல. 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை' என்பதே. 2010 இல் ஐரோப்பிய நரம்பியலாளர் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டியும் நடுவழியில் நின்றது: பின்னூட்டத்துக்குச் சான்று உண்டு, தளர்வுக்கும் அறிவுசார் சிகிச்சைக்கும் பலன் இருக்கக்கூடும், உறுதியான சான்று போதாது, மருந்தில் அமிட்ரிப்டிலினே முதல் தேர்வு.

இன்னொரு ஆய்வையும் சொல்லாமல் விட மனமில்லை. 1984 இல் அதே ஹோல்ராய்டு 43 பேருக்குப் பின்னூட்டக் கருவியில் பயிற்சி தந்தார். சிலருக்குத் தசை உண்மையில் தளர்ந்தது, சிலருக்கு இறுகியது. ஆனால் எல்லாரிடமும் தசை தளர்வதாகவே சொல்லிவைத்தார். பாதிப்பேருக்கு 'நீங்கள் பிரமாதமாகச் செய்கிறீர்கள்' என்றும், பாதிப்பேருக்கு 'சுமாராகச் செய்கிறீர்கள்' என்றும் காட்டினார். பிரமாதம் என்று நம்பியவர்களுக்குத் தலைவலி 53 விழுக்காடு குறைந்தது. சுமார் என்று நம்பியவர்களுக்கு 26 விழுக்காடு. தசை இறுகியதா தளர்ந்ததா என்பது பெரிதாகப் படவில்லை. 'என் தலைவலி என் கைக்கு அடங்கும்' என்ற தெம்பே பாதி மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

மொழி என்னும் தடை

அந்தத் தெம்பு எப்படி வரும்? சொல்லால்தான் வரும். நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு முக்கியமான இடம் இதுதான்.

என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, வள்ளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். எங்களைப்போல அவருக்கு மலையாளம் பால்குடியோடு வரவில்லை. அவருக்கும் பல வருஷமாக இதே தலைப்பாரம். எனக்குக் குறைந்ததைப் பார்த்து அவரையும் ஓர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் மிகவும் அன்பானவர். முதல் கேள்வியே கனிவாக, "மனசில் விஷமம் எந்தெங்கிலும் உண்டோ சேச்சி?" என்றார்.

மைனியின் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்ததும் என்னிடம், "நான் என்ன விஷமம் பண்ணிட்டேன்னு தம்பி, அந்தப் பொண்ணு அப்படிக் கேக்கா? மாமியார் ஏதும் சொல்லி விட்டாவளா?" என்றார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், மனக்கஷ்டம். தமிழில் குறும்பு, வேண்டாத்தனம். ஒரே சொல், ஒரே எழுத்து, நேர் எதிரான இடத்தில் போய் விழுந்தது. "தோள் அயச்சு விடூ" என்று பயிற்சியில் சொன்னதும் அப்படித்தான். அயக்குதல் என்றால் மலையாளத்தில் தளர்த்துவதும் உண்டு, அனுப்புவதும் உண்டு. "தோளை எங்கே அனுப்புறது?" என்று மைனி யோசித்துக்கொண்டே தோளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மாத்திரைக்கு மொழி வேண்டாம். எந்த மொழி பேசுகிறவர் வயிற்றிலும் கரையும். பயிற்சிக்கு மொழிதான் மருந்து. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத இடம் தருகிறது. மனசுக்குள் இருப்பதைச் சொல்லும் அறைக்குள் எந்தச் சட்டமும் வந்து மொழிபெயர்க்காது. நாம்தான் செய்ய வேண்டும். மைனிக்காக நான் அந்தப் பயிற்சி முழுவதையும் வள்ளியூர்த் தமிழில் எழுதி, என் மகளின் குரலில் பதிவு செய்து கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். "பிடரியை இறுக்குங்க... இப்ப அப்படியே விடுங்க, துணி காயப்போட்ட கொடி தொங்குத மாதிரி." அதற்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார். முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன். மாதம் ஓர் அட்டை மாத்திரை வாங்குவது நின்றது. எனக்கு அது போதும்.

வீட்டில் செய்யும் முறை

சாய்வான நாற்காலியில் உட்கார்ந்தோ பாயில் படுத்தோ கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கை முஷ்டியை 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்வையே கவனியுங்கள். இதேபோல் இடது கை, மேற்கை, நெற்றி (புருவத்தை உயர்த்தி), கண், தாடை, பிடரி, தோள் (காதை நோக்கித் தூக்கி), மார்பு, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாகப் போங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் பிடரியை இறுக்கவே வேண்டாம், தளர்த்தினால் போதும். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் ஆகும். முதல் சில வாரம் நாளைக்கு இரண்டு தடவை செய்யலாம். பழகிய பிறகு இறுக்காமலே, மூச்சை விடும்போது 'தளரு' என்று மனசுக்குள் சொன்னாலே தோள் இறங்கும். பஸ்ஸிலும் செய்யலாம், அடுப்படியிலும் செய்யலாம்.

கூடவே ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு தவறியதா, என்ன மாத்திரை. இரண்டு மாதம் எழுதினால் உங்கள் தலைவலியின் ஜாதகமே கையில் வந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள். மூன்று நாள் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

எப்போது பயிற்சியை நம்பி இருக்கக் கூடாது?

திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் கடும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து வளைக்க முடியாமை. கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு வருவது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய், பற்று, பொடி, பயிற்சி எல்லாம் பிறகு.

மற்றவர்களுக்கு, முதலில் ஒரு மருத்துவர் இது எந்தத் தலைவலி என்று உறுதி செய்யட்டும். பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக்கிலோ மருத்துவக் கல்லூரியிலோ மருத்துவ உளவியலாளரைக் கேளுங்கள். மனக்கவலையும் சோர்வும் சேர்ந்திருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் எண் ஒன்றுதான்.

நிறைவாக

நடத்தைச் சிகிச்சை அற்புதம் செய்யாது. அதைப் பொய் என்று தள்ளவும் முடியாது. சான்று நடுத்தரமானது, செலவு குறைவு, தீங்கு அநேகமாக இல்லை. சரியான மருந்தோடு சேர்ந்தால் அதன் பலம் கூடுகிறது. தினம் விழுங்கும் மாத்திரையை நிறுத்தாமல் செய்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஆகும். என் 31 ஆண்டு அனுபவமும் நான் படித்த ஆய்வுகளும் சொல்வது இவ்வளவுதான்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திருந்து பேணுபவர். நோயாளியைத்தான் முதலில் வைத்தார். நடத்தைச் சிகிச்சை அந்த முதல் கூறுக்கு வேலை கொடுக்கிறது. நான்காவது கூறு நாம்தான். மொழி தெரியாத ஊரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மைனிக்கோ அத்தைக்கோ, சங்கத்து இளைஞர்கள் இந்தப் பயிற்சியை அவரவர் ஊர்த் தமிழில் பதிவு செய்து கொடுத்தால், அது இந்த மலரில் நான் எழுதிய கட்டுரையைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.